விண்டோஸ் 7 ஏன் 6.1 ஆனது?

விண்டோஸ் 11 ஓடுகிற கணினி கைவசம் இருந்தால், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பதிப்பு கேட்கும் கட்டளையை அடிச்சுப் பாருங்க. 10.0 என்று ஆரம்பிக்கும், அப்புறம் 22000 அல்லது அதற்கு மேலான ஓர் எண் வரும். 11 என்பது அதில் எங்கேயும் தென்படாது. யாரோ மறந்துபோய் விட்ட எண் இல்லை இது, தெரிந்தே வைத்தது. காரணம் புரியணும்னா 1990களுக்குப் போகணும்.

பதிப்பு எண் முதலில் மனிதர்கள் படிப்பதற்காக வந்தது. புள்ளிக்கு முன்னால் பெரிய எண், பின்னால் சின்ன எண். அடிப்படையே மாறினால் பெரிய எண் கூடும், திருத்தம் மட்டும் என்றால் சின்ன எண் கூடும். அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க. இரண்டும் தனித்தனி எண்கள். 1992ல் வந்த விண்டோஸ் 3.1-இன் அட்டைப்பெட்டியில் 3.1 என்று இருந்தாலும், உள்ளே சின்ன எண் 10.

சிக்கல் எப்போ ஆரம்பிச்சதுன்னா, மென்பொருள்களும் இந்த எண்ணைப் படிக்கத் தொடங்கியபோது. 3.1-இல் வந்த வசதி ஒன்று தன் நிரலுக்குத் தேவை என்று வையுங்கள். நிரலர் என்ன எழுதுவார்? பெரிய எண் 3 அல்லது மேல், சின்ன எண் 10 அல்லது மேல், அப்படின்னா ஓடு. இல்லாட்டி "புதிய விண்டோஸ் தேவை" என்று சொல்லி நின்றுவிடு. பார்க்க ஒழுங்காத்தான் இருக்கு. இதையே 4.0-இல் ஓட்டிப் பாருங்க. 4, மூன்றை விடப் பெரிது, சரி. 0, பத்தை விடப் பெரிதா? இல்லை. ஆக புத்தம் புது விண்டோஸைப் பார்த்து "நீ ரொம்பப் பழசு" என்று நிரல் கதவைச் சாத்திவிடும்.

விண்டோஸ் 95-இன் உள் எண் உண்மையில் 4.0தான். ஆனால் பழைய 16 பிட் நிரல்கள் கேட்டால் அது 3.95 என்று பதில் சொன்னது. 3 சரி, 95 பத்தை விடப் பெரிது, அதுவும் சரி. நிரல் ஓடியது. எனக்குத் தெரிந்து இந்த வரலாற்றிலேயே அழகான பொய் இதுதான்.

ஏன் மைக்ரோசாஃப்ட் இவ்வளவு மெனக்கெடணும், தப்பு நிரலருடையதுதானே என்று கேட்கலாம். நேற்று வரை ஓடிய கணக்கு மென்பொருள் இன்று ஓடவில்லை என்றால், கடைக்காரர் திட்டுவது அந்த நிரலரை அல்ல, புது விண்டோஸைத்தான். நிரலை எழுதிய நிறுவனம் அதற்குள் மூடிக்கூடப் போயிருக்கலாம். திருத்த ஆளே இல்லாத தவறைச் சுமக்க வேண்டியது இயங்குதளத்தின் தலையில் விழுகிறது.

என்டி வரிசையிலும் இதே கதைதான். விண்டோஸ் 2000 என்பது 5.0, எக்ஸ்பி 5.1. விஸ்டா 6.0 ஆனபோது பெரிய எண் மாறியது. அதை மட்டும் பார்த்து முடிவெடுத்த நிரல்கள் மக்கர் செய்தன. 2009ல் விண்டோஸ் 7 வந்தபோது பெட்டியின் மேல் 7, உள்ளே 6.1. பழைய நிரல்களோடு ஒத்துப்போகவே இப்படி என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டது. 8-க்கு 6.2, 8.1-க்கு 6.3.

8.1-இல் இன்னொரு படி மேலே போனார்கள். 'இந்தப் பதிப்பு எனக்குத் தெரியும்' என்று தன் கூடவே வரும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அறிவிக்காத நிரல், பதிப்பு கேட்கும் வழக்கமான கட்டளையை அழைத்தால் 6.2 என்றுதான் பதில் வரும். அதாவது, 8.1-ஐத் தெரியாதவனுக்கு அது 8 மாதிரியே நடிக்கும். இந்த ஏற்பாடு கையில் இருந்ததால்தான் 2015ல் துணிந்து 10.0 என்று தாண்ட முடிந்தது என்பது என் கணிப்பு. அதன் பிறகு யாரும் அந்தப் பெரிய எண்ணைத் தொடவில்லை.

நடுவில் விண்டோஸ் 9 எங்கே போச்சு என்று ஒரு கதை உலவுகிறது. "விண்டோஸ் 9" என்று தொடங்கும் பெயரெல்லாம் 95 அல்லது 98 என்று நினைக்கும் வரிகள் பழைய ஜாவா நிரல்களில் இருந்தது உண்மை. ஆனால் எண் தாண்டியதற்கு அதுதான் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி செய்யவில்லை. சுவாரசியமான கதை, அவ்வளவுதான்.

வியாபாரப் பெயர் இல்லாத லினக்ஸுக்கு இந்தத் தொல்லை இருக்காதுன்னு நினைச்சா, அதுவும் இல்லை. 2003 டிசம்பரில் தொடங்கிய 2.6 வரிசை 2.6.39 வரை நீண்டது. 2011 ஜூலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் அடுத்ததை 3.0 என்றார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண்கள் நீளமாகிவிட்டன, லினக்ஸுக்கு இருபது வயதாகிறது, அதுதான் விஷயம் என்று வெளிப்படையாகவே சொன்னார். இருந்தும், 2.6 என்று தொடங்காத எண்ணைக் கண்டதும் சில நிரல்கள் தடுமாறின. அவற்றுக்காகக் கெர்னலிலேயே ஒரு வசதி சேர்த்தார்கள்: அதை இயக்கினால் 3.0 தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும். ஆப்பிளும் தப்பவில்லை. 2020ல் மேக் 10.15-இலிருந்து 11-க்குப் போனபோது, பழைய நிரல்களிடம் 10.16 என்றே சொன்னது.

இவையெல்லாம் ஒப்பிடுவதில் வந்த தவறுகள். எண்ணைச் சேமித்து வைக்கும் இடமே போதாமல் போனதும் உண்டு. லினக்ஸ் கெர்னல் தன் பதிப்பை ஒரே எண்ணாகச் சுருக்கி வைக்கும்போது மூன்றாவது பகுதிக்கு 8 பிட்தான் கொடுத்தது. அதில் 255 வரைதான் அடங்கும். நீண்ட காலம் பராமரித்த 4.4 வரிசையில் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்து, 2021 பிப்ரவரியில் 4.4.255-ஐத் தாண்ட வேண்டிய நாள் வந்தது. 256 என்று போட்டால் மீதி பக்கத்துப் பகுதியில் வழிந்து, கணக்கில் 4.5.0 ஆகிவிடும். எண்ணை மட்டும் ஒன்று கூட்டி, வேறு எந்தத் திருத்தமும் இல்லாமல் 4.4.256 வெளியானது, யாருக்கு என்ன உடைகிறது என்று பார்ப்பதற்கு. அதன் பிறகு, உண்மை எண் எவ்வளவு ஏறினாலும் அந்தச் சுருக்க எண்ணில் மூன்றாவது பகுதி 255-லேயே நிற்கும்படி கட்டிப்போட்டார்கள்.