மேனேஜரைவிட அதிகச் சம்பளம்

ஐடி இன்டர்வியூவுக்குத் தயாரானவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி பரிச்சயம்: தன் மேனேஜரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் யார் யார்? எஸ்க்யூஎல்லில் எழுதவும். ஒரே டேபிளை இரண்டு பெயரில் கூப்பிட்டு, அதை அதோடயே ஜாயின் பண்ண வேண்டும். பெரும்பாலும் விடையை மனப்பாடம் செய்துகொண்டுதான் போவோம், அது வேற கதை. ஆனால் இந்தக் கேள்விக்கு எஸ்க்யூஎல்லைவிட வயது அதிகம்.

அறுபதுகளில் தகவல்கள் கிளை கிளையாக, சங்கிலி சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் தேட வேண்டுமென்றால் எந்தக் கண்ணியிலிருந்து எந்தக் கண்ணிக்குப் போவது என்ற வழியையும் புரோகிராமரே எழுத வேண்டும். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தவர், கணிதம் படித்தவர். எல்லாவற்றையும் வெறும் அட்டவணைகளாக வையுங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வழியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஐபிஎம் அவசரப்படவில்லை. பழைய முறையில் அமைந்த அதன் ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததே!

1972இல் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆய்வுக்கூடத்தில் காட் சில கேள்விகளை எழுதிக் காட்டினார். மேனேஜர் சம்பளக் கேள்வி அதில் ஒன்று. கேட்டுக்கொண்டிருந்த டொனால்ட் சேம்பர்லின் சங்கிலி முறையில் கைதேர்ந்தவர். தனக்கு ஐந்து பக்கம் பிடிக்கும் புரோகிராம் அங்கே ஒற்றை வரியில் நிற்பதைப் பார்த்தார். அன்றோடு கட்சி மாறிவிட்டார்.

அவரும் ரேமண்ட் பாய்ஸும் இதை ஒரு விளையாட்டாகவே ஆடினார்கள். ஒரு கேள்வியை யோசிப்பது, அதை எப்படி எழுதலாம் என்று முட்டி மோதுவது. முதலில் செய்த மொழியின் கணிதக் குறிகளைக் கீபோர்டில் அடிக்கவே முடியவில்லை. அடுத்தது சாதாரண ஆங்கிலச் சொற்களில் வந்த சீக்வெல், 1974. ஒரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனியின் வர்த்தகமுத்திரையோடு இடித்ததால் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. கணக்காளர்களும் நகரத் திட்டமிடுபவர்களும் தாங்களே கணினியிடம் கேட்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் பலித்தது. இன்றும் மாசக் கடைசியில் அக்கவுண்ட்ஸ்காரர் ரிப்போர்ட்டுக்காக டெவலப்பரின் மேஜைக்குத்தான் வருகிறார்.

கட்டுரை வெளியான சில வாரங்களில், மூளை ரத்தநாளம் வெடித்து பாய்ஸ் இறந்துபோனார். முப்பதுகூட ஆகவில்லை. பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம் என்று தேர்வில் நாம் ஒப்பிக்கிற பாய்ஸ் இவர்தான்.

இன்டர்வியூ எடுக்கும்போது நானும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதுண்டு. மனப்பாட விடை சரளமாக வரும். உடனே அடுத்ததைக் கேட்பேன்: கம்பெனி முதலாளிக்கு மேனேஜர் கிடையாதே, அந்தக் கட்டம் காலி, அவர் இந்தப் பட்டியலில் வருவாரா? சிலர் டக்கென்று “வரமாட்டார்” என்பார்கள். சிலர் பேனாவை எடுத்து நாலு வரிசையில் ஒரு குட்டி டேபிள் வரைந்து, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்ப்பார்கள். நான் இரண்டாவது ரகத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.