ருபைதாவின் கூடாரமும் மலையகத்தின் நோயாளியும்



கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பாதையில் புசல்லாவையைக் கடக்கும்போது ரொத்சைல்ட் தோட்டத்தின் பசுஞ்சரிவுகளைக் கண்டிருப்பீர்கள். 1841ஆம் ஆண்டிலேயே வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்த மண் அது. ஆயினும் அந்நாளில் இம்மலைகளில் கோப்பியின் ஆட்சியே நடந்தது. அக்கோப்பியைப் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். வழியில் வீழ்ந்தவரைத் தூக்கி எடுப்பது யாருடைய கடமை? கங்காணியினதா, துரையினதா, அரசினதா? தோட்ட மக்களின் மருத்துவத்துக்கென அரசு சட்டம் இயற்றியது 1872இல். அதன் பின் 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. கேள்வி பிறந்ததற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே ஒரு தலைமுறையே கழிந்துவிட்டது.

இதே கேள்விக்கு மதீனாவில் ஒரு பெண்மணி சட்டம் எதுவும் வரும்வரை காத்திராமல் விடையளித்தார். ஹிஜ்ரி 5இல், அதாவது கி.பி. 627இல், அகழ் யுத்தத்தின்போது ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு தைத்துக் குருதி பெருகியது. நபி (ஸல்) அவர்கள் அவரை ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைக்குமாறு பணித்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக அக்கூடாரம் பள்ளிவாசலிலேயே அமைந்திருந்தது. அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த அப்பெண்மணி, கவனிப்பாரற்ற காயப்பட்டோருக்குப் பணி செய்வதையே தம் நன்மையாகக் கருதியவர் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. "கவனிப்பாரற்ற" என்ற அச்சொல்லைச் சற்று நின்று கவனியுங்கள். கோத்திரமும் செல்வமும் உடையவருக்குப் பணிவிடை செய்ய ஆயிரம் பேர் வருவர். உம்மு அதிய்யா (ரழி), ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) ஆகியோரும் போர்க்களங்களில் தண்ணீர் புகட்டி, காயங்களுக்கு மருந்திட்டவர்களே. மகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இப்பெயர்களை மறந்துவிடக் கூடாது.

தாதியின் ஒழுக்கவியலைக் கற்போர் அதனைப் பல வகையாகப் பிரித்துப் பார்க்கின்றனர். உண்மை பேசுதல், இரகசியம் காத்தல் போன்ற கடமைகளை விளைவு எதுவாயினும் விடலாகாது என்பது ஒரு பார்வை. அதிகமானோருக்கு நன்மை தருவதே சரி என்பது மற்றொன்று. செயலைவிடச் செய்பவரின் குணத்தையே பார்ப்பவர்களும் உளர். நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் இடையிலான உறவை முதன்மைப்படுத்துவோரும் உளர். இவற்றோடு 1979இல் பியூசாம்ப், சில்ட்ரஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் நான்கு கோட்பாடுகளை வகுத்தளித்தனர். அவை நோயாளியின் சுயவிருப்பை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்பனவாகும்.

ஏட்டில் இவை இலகுவானவை. நோயாளியின் கட்டிலருகே வந்தவுடன் ஒன்றோடொன்று மோதும். நம் வீடுகளில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். தாய்க்குப் புற்றுநோய். "உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று மகன்மார் தாதியிடம் கெஞ்சுகின்றனர். நள்ளிரவில் அத்தாய் தாதியின் கையைப் பிடித்து, "எனக்கு என்ன வருத்தம், மகள்?" என்று கேட்கிறார். இங்கே தாதி பொய் சொல்லவும் கூடாது. வைத்தியரை முந்திக்கொண்டு நோயை அறிவிப்பதும் முறையன்று. அத்தாய் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை முதலில் மென்மையாகக் கேட்டறிய வேண்டும். பின்னர் வைத்தியரிடமும் விடுதிப் பொறுப்புத் தாதியிடமும் அதனை எடுத்துரைத்து, மகன்மாரையும் அழைத்துப் பேசி, எடுத்த முடிவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். மகன்மாரின் அன்பு உண்மையானதே. ஆயினும் நோய் அந்தத் தாயுடையது. கடன்களைத் தீர்ப்பதற்கும் வஸிய்யத் எழுதுவதற்கும் அவருக்குக் காலம் வேண்டாமா?

மேலிடத்துக்குக் கீழ்ப்படிவது மட்டுமே தாதியின் அறம் என எண்ணுவோர் அமெரிக்காவின் டஸ்கிகீ வரலாற்றைப் படிக்க வேண்டும். அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள் உரிய சிகிச்சையின்றி வெறுமனே அவதானிக்கப்பட்டனர். நாற்பதுகளின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அம்மக்களை நம்ப வைத்து, வாகனத்தில் ஏற்றிப் பரிசோதனைக்கு அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற தாதி. அவரும் கறுப்பினத்தவரே, அவர்களின் துக்க வீடுகளுக்கெல்லாம் சென்றவர். அவர் அன்பற்றவர் என்று எவராலும் கூற முடியாது. எனக்கு அச்சமூட்டுவதும் அதுவே. வைத்தியரின் கட்டளைக்கும் நோயாளியின் உரிமைக்கும் நடுவே அவர் கட்டளையின் பக்கம் நின்றார். 1997இல் அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டபோது அந்நோயாளிகளில் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

நம் நாட்டின் காயம் இன்னும் ஆறவில்லை. கொவிட் தொற்றால் மரணித்தோரை எரிக்க வேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தும், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் சிசுவும் அவ்வாண்டு டிசம்பரில் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் தான் தடை நீங்கியது; மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் நல்லடக்கம் செய்யப்பட்டன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்நாட்களில் சிகிச்சைக்குச் செல்லவே அஞ்சியோர் நம்மிடையே இருந்தனர். பலரின் நன்மை என்ற பெயரில் சிலரின் நம்பிக்கையை உடைத்தால் அந்நன்மையும் கைகூடாது என்பதைச் சுகாதாரத் துறை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

இனி மீண்டும் புசல்லாவைக்கு வாருங்கள். நோய் முற்றினால் இங்குள்ளோர் கம்பளைக்கோ, பேராதனைக்கோ, கண்டிக்கோ செல்கின்றனர். சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு படிவத்தில் ஒப்பமிட வேண்டும். லயன் அறையிலிருந்து வந்த தாயும் நம் தெருவிலிருந்து வந்த தாயும் பேசுவது தமிழ். படிவத்தை நீட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், அவர்கள் இடும் ஒப்பம் சம்மதமாகுமா? எழுதியிருப்பதைப் புரிய வைத்து, "விருப்பமில்லாவிட்டால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு" என்று அத்தாயின் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உங்கள் வீட்டில் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகளாகவும் இருக்கலாம். இரவு வேலையைப் பற்றியும் உடையைப் பற்றியும் அவளோடு பேசும்போது, அத்தாயைப் பற்றியும் பேசுங்கள்.