டாக்டர் போடாத தோட்டம்

ஜெர்மன் மொழியில் ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ என்று ஒரு சொல் உண்டு. ஷ்ரேபர் தோட்டம் என்று அர்த்தம். நகரத்து மாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்துக்கொண்டு, ஒரு பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காய்கறி பயிரிடும் இடத்துக்கு இந்தப் பெயர். அந்த நாட்டில் எந்தப் பெரிய ஊருக்கு ரயிலில் போனாலும், ஊர் நெருங்குகிற சமயத்தில் இருப்புப்பாதை ஓரமாகக் குட்டிக் குட்டி வேலிகளும், அவற்றுக்குள்ளே பொம்மை வீடு போன்ற மரக் குடில்களும், பீன்ஸ் கொடி ஏறிய கொம்புகளும் கண்ணில் படும். அவைதாம்.

ஷ்ரேபர் ஒரு டாக்டர். லைப்ஸிக் நகரத்தில் 1808-ஆம் ஆண்டு பிறந்து 1861-ஆம் ஆண்டு காலமானவர். தோட்டத்துக்கு அவர் பெயர் இருக்கிறது என்றால், முதல் மண்வெட்டியைப் பிடித்தவர் அவராகத்தான் இருக்கவேண்டும் என்று நாம் நினைப்போம். அதுதான் இல்லை. அவர் பெயரால் சங்கம் தோன்றியபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சங்கத்தின் இடத்தில் முதல் பாத்தி வெட்டப்பட்டபோது ஏழு ஆண்டுகள். இந்தத் தோட்டங்களில் ஒரு முட்டைக்கோஸ்கூட அவர் கையால் நட்டதில்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒருவருடைய பெயருக்கு அடியில் இன்னொருவருடைய உழைப்பு கிடப்பதாகத் தெரிந்தால் போதும், எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்படித்தான் இந்தச் சரித்திரத்தின் பின்னால் போனேன்.

முதலில் டாக்டரையே பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் மத்தியில் லைப்ஸிக் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த ஊர். வீடுகள் நெருங்கின, குழந்தைகள் ஓடியாடுவதற்கு இருந்த வெற்றிடங்கள் சுருங்கின. வெளிறிய முகமும் கூனிய முதுகுமாகக் குழந்தைகள் வளர்வதைக் கண்டு ஷ்ரேபர் கவலைப்பட்டார். எலும்புக் கோளாறுகளுக்கான மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தியவர் அவர். தேகப்பயிற்சியைப் பற்றி அவர் 1855-இல் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. குழந்தைகளுக்குத் திறந்த வெளியும் விளையாட்டும் வேண்டும் என்று அவர் சொன்னதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

ஆனால் அந்த மனிதருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. குழந்தை நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக மேஜையில் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்றை வடிவமைத்தார். நேராகப் படுத்து உறங்க வேண்டும் என்பதற்காகத் தோளைக் கட்டிலோடு பிணைக்கும் வார்களையும் செய்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதை அவரைப்போல் வேதவாக்காகக் கொண்டவர்கள் குறைவு. நம் வீட்டுக் கொல்லையில் புடலம் பிஞ்சு கோணாமல் நீள வேண்டும் என்று நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோமே, அந்த வைத்தியத்தைத்தான் அவர் குழந்தைகளுக்குச் செய்தார்.

அவருடைய பிள்ளைகளில் ஒருவர் டானியல் பால் ஷ்ரேபர். பெரிய நீதிபதி. நடுவயதில் சித்தம் கலங்கி ஆண்டுக்கணக்காக மனநோய் விடுதிகளில் இருந்தார். தம் நோயைப் பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதி 1903-இல் வெளியிட்டார். அதைப் படித்துவிட்டுத்தான் 1911-இல் பிராய்ட் தம்முடைய புகழ்பெற்ற ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். தகப்பனாரின் வார்களுக்கும் மகனின் நோய்க்கும் முடிச்சுப் போட்டவர்கள் பின்னால் வந்தார்கள். அது மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? குழந்தைகளின் தோட்டத்துக்கு வாய்த்த பெயர் இத்தகைய ஒருவருடையது என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் வைத்தவர் ஹௌஸ்சில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர். 1864-இல் அவர் பெற்றோர்களையும் உபாத்தியாயர்களையும் சேர்த்து, குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கலந்து பேசுவதற்காக ஒரு சங்கம் கண்டார். பெற்றோர் சங்கம் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கலாம். ஆனால் காலஞ்சென்ற டாக்டரிடம் அவருக்கு மதிப்பு அதிகம். ஆகவே ஷ்ரேபர் சங்கம் ஆயிற்று. மறு ஆண்டு, 1865-இல், குழந்தைகளுக்காகப் புல்வெளி ஒன்றைத் திறந்தார்கள். அது ஷ்ரேபர் மைதானம். அடுத்த ஆண்டே ஹௌஸ்சில்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதுவரைக்கும் தோட்டத்தின் பேச்சே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இப்போதுதான் என்னுடைய கதாநாயகர் வருகிறார். பெயர் கெஸெல், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மைதானத்தில் குழந்தைகளின் ஆட்டபாட்டங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவருடையது. 1868-இல், தம்முடைய 68-ஆவது வயதில், மைதானத்தின் ஓரமாகச் சிறு சிறு பாத்திகள் வகுத்துக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார். விதைப்பது, நீர் பாய்ச்சுவது, அறுப்பது எல்லாம் அவர்கள் வேலை. தங்கள் கையால் விளைந்ததைத் தாங்களே தின்கிற பாடத்தை எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கும்?

என்ன நடந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விதை போட்ட மறுநாளே முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்காத குழந்தை உலகத்தில் உண்டா? முதல் வாரத்து உற்சாகத்தில் செடி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாவது வாரத்தில் பந்து வந்துவிடும். பக்கத்திலேயே விளையாட்டு மைதானத்தை வைத்துக்கொண்டு களை பிடுங்கு என்றால் எந்தப் பையன் பிடுங்குவான்? கெஸெலின் பாத்திகளில் களை மண்டியது.

அந்த இடத்தில்தான் விஷயம் திரும்புகிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்த தாய் தகப்பன்மார் பாத்திகளைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குனிந்தார்கள். இன்று ஒரு களை, நாளைக்கு ஒரு குடம் தண்ணீர், அடுத்த பருவத்தில் நாலு வெங்காய நாற்று என்று ஆகி, குழந்தைப் பாத்திகள் குடும்பப் பாத்திகளாகிவிட்டன. பிறகு வேலி வந்தது, உட்கார்ந்து காப்பி குடிக்க நிழல் வந்தது, அதுவே குடிலாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 100 பாத்திகள். ஜனங்கள் அவற்றை ஷ்ரேபர் தோட்டங்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஏழைகளுக்கு நிலத்துண்டு கொடுக்கும் வழக்கம் வட ஜெர்மனியில் இதற்கும் பல ஆண்டுகள் முந்தியது. அது பசிக்காகக் கொடுத்தது. லைப்ஸிக் தோட்டம் பிள்ளைகள் விட்டுப்போன களையிலிருந்து முளைத்தது. அதுதான் எனக்கு அதில் பிடித்த அம்சம்.

குழந்தையையும் மண்ணையும் சேர்த்துவைக்கும் எண்ணத்துக்கும் கெஸெல் முதல்வர் அல்லர். ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை 1840-இல் சூட்டிய ஃபிரோபெல், அதைச் சொல் அலங்காரமாக மட்டும் சொல்லவில்லை. பள்ளியோடு நிஜமாகவே தோட்டம் இருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. அவற்றைச் சூழ்ந்து எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தனியாளின் உடைமையைப் பொது உடைமை அணைத்துக் காக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வளவு சாதுவான காரியத்தையும் பிரஷ்ய அரசு 1851-இல் தடை செய்தது. தடை நீங்க 1860 ஆயிற்று. குழந்தைகள் கீரை பயிரிட்டால் சிம்மாசனம் ஆட்டம் காணும் என்று பயந்தார்கள் போலும்!

ஃபிரோபெல் திட்டம் போட்டு அமைத்ததை லைப்ஸிக் பெற்றோர் திட்டமில்லாமலே செய்தார்கள். குழந்தையின் சிறு பாத்தியைச் சுற்றிப் பெரியவர்கள் வந்து நின்றுகொண்டார்கள். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. ஓடிப்போன பிள்ளையைக் காதைப் பிடித்து இழுத்து வந்து பாத்தியில் நிறுத்தவில்லை. அவன் விளையாடட்டும் என்று விட்டுவிட்டு, களையைத் தாங்கள் பிடுங்கினார்கள். வாரும் சட்டமும் செய்த டாக்டரின் பெயரைத் தாங்கிய இடத்தில் இப்படி நடந்தது.

லாபத்தோடு நஷ்டமும் இருந்தது. வேலி வந்த பிறகு, நடுவில் இருந்த மைதானத்தைவிட ஓரத்தில் இருந்த தோட்டமே பெரிதாகிவிட்டது. பெரியவர்கள் கூடினால் சட்டதிட்டம் வராமல் இருக்குமா? நடைபாதையை யார் பெருக்குவது, வேலி எவ்வளவு உயரம், பொது வேலைக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் வரவேண்டும், மத்தியானம் எந்த நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்றெல்லாம் சங்கங்கள் விதி வகுத்தன. இதைச் சொல்லி ஜெர்மானியரே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். ஆனால் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு தண்ணீர்க் குழாயை உபயோகித்துப் பார்த்தவர்களுக்கு, விதி எதற்கு என்பது புரியும்.

முதல் உலக யுத்தம் வந்தது. 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்தது. கடல் வழி அடைபட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு ‘டர்னிப் குளிர்காலம்’ என்றே சரித்திரத்தில் பெயர். மாட்டுக்குப் போடும் கிழங்கை மனிதர்கள் தின்றார்கள். பொழுதுபோக்காக இருந்த பாத்திகள் அப்போது உயிர்நாடியாயின. யுத்தம் முடிந்த 1919-லேயே, குத்தகைத் தொகைக்கு வரம்பு கட்டவும், தோட்டக்காரரை நினைத்தபோது வெளியேற்றாமல் தடுக்கவும் சட்டம் செய்தார்கள்.

வேலி மனிதர்களை வெளியே நிறுத்தவும் பயன்படும். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இந்தச் சங்கங்களும் கட்சியின் பிடிக்குள் போயின. யூதர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பக்கத்துப் பாத்திக்காரருக்கு நேற்றுவரை நாற்றுக் கொடுத்தவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை. பெர்லினில் லிக்டன்பெர்க் பகுதியில் இப்படிப்பட்ட தோட்டக் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஹான்ஸ் ரோசன்டால் என்ற யூத இளைஞன் 1943-இல் அங்கே வந்து சேர்ந்தான். தாய் தகப்பன் இறந்துவிட்டார்கள். ஒரே தம்பியை முந்தின ஆண்டு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சிறுவன் திரும்பவே இல்லை. ஈடா யௌக் என்ற மூதாட்டி அவனைத் தன் குடிலின் மறைவான சிற்றறையில் ஒளித்துவைத்தாள். அகப்பட்டால் இருவருக்கும் என்ன நேரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் 1944-இல் இறந்தபோது, அதே தோட்டத்தில் இருந்த மரியா ஷோனபெக் என்ற பெண்மணி அவனை ஏற்றுக்கொண்டாள். எம்மா ஹார்ண்ட் என்ற இன்னொருத்தியும் துணை நின்றாள். பாத்தியும் குடிலுமாக மூன்று பெண்கள் இரண்டு ஆண்டுகள் ஓர் உயிரைப் பொத்திக் காத்தார்கள். யுத்தத்துக்குப் பின் ரோசன்டால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்று, நாடே அறிந்த முகமானார், 1987-இல் காலமானார். தம் சரித்திரத்தை எழுதியபோது அந்த மூவரையும் அவர் மறக்கவில்லை.

ஒரு கதையில் நான் இதை எழுதியிருந்தால், ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று வாசகர் கடிதம் வந்திருக்கும்.

இன்று ஜெர்மனியில் ஏறக்குறைய 9 லட்சம் பாத்திகள் சங்கங்களின் கீழ் இருக்கின்றன. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பாத்தி 400 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நம் கணக்கில் சுமார் 10 சென்ட். குடில் 24 சதுர மீட்டர். அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்காவது காய் கனி விளைவதாக இருக்கவேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புல்லை வளர்த்துச் சாய்வு நாற்காலி போட்டால் மட்டும் தோட்டக்காரர் ஆகிவிட முடியாது. பெரிய நகரங்களில் பாத்தி கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் கைக்குழந்தைக்காரர்கள் அநேகம். பட்டாணி கடையில் காய்ப்பதில்லை என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டுமே!

லைப்ஸிக்கில் டாக்டர் ஷ்ரேபர் பெயரைத் தாங்கிய தோட்டச் சங்கம் இன்னும் இருக்கிறது. அதன் மாளிகையில் 1996 முதல் இந்தத் தோட்டங்களுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை நடக்கிறது. நாடு முழுவதும் புழங்கும் பெயர் டாக்டருடையதுதான். கெஸெல் 1879-இல் காலமானார். அவர் பெயரைத் தோட்டத்தின் சரித்திரம் தேடுகிறவர்கள்தாம் அறிவார்கள்.

அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று நான் சொல்லமாட்டேன், குறைவுதான். ஆனால் இத்தகைய காரியங்கள் பெயரால் நிலைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பள்ளியிலோ தெருவிலோ பிள்ளைகளுக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஆளுக்குப் பஞ்சம் இராது. மூன்றாவது மாதத்தில், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பிறகு, கோபித்துக்கொள்ளாமல் குனிந்து களை பிடுங்க நாலு பேர் வேண்டும். லைப்ஸிக்கில் அந்த நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் பெயர் கெஸெலின் பெயரளவுக்குக்கூடத் தெரியாது. பாத்தி மட்டும் இருக்கிறது.