டீசல் லாரியின் நோயும் அதன் வரலாறும்

பாரம் ஏற்றிய டீசல் லாரி மேட்டில் திணறிக் கரும்புகை கக்குமாயின், பட்டறைக்காரர் முதலில் ஐயுறுவது ‘இஞ்செக்டர்’ என்னும் எரிபொருள் தெளிப்பானைத்தான். அவ்வையம் காரணமற்றதன்று. டீசல் பொறி பிறந்த நாள் தொட்டே அதன் தொல்லை அவ்விடத்தில்தான் குடிகொண்டிருக்கிறது.

ருடால்ப் டீசல் 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியர். காற்றை மிகுதியாக அழுத்தினால் அது தீமூட்டும் அளவுக்குச் சூடேறும் என்பது அவர் கைக்கொண்ட தத்துவம். மலாய் நாட்டில் முன்னாளில் வழங்கிய தீக்குழலை அறிந்தோர்க்கு இது புதிதன்று. குழலுக்குள் தண்டை வேகமாக அடித்து இறக்கினால், அதன் நுனியில் வைத்த பஞ்சு கனன்றுவிடும். ஆனால் பஞ்சை முன்னரே வைத்துவிடலாம். எண்ணெயையோ, காற்று அழுந்திச் சூடேறிய பிறகு, அவ்வழுத்தத்தையும் எதிர்த்து, நுண்ணிய தூறலாக உள்ளே செலுத்தவேண்டும்.

1893இல் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் டீசல் முதற்சோதனை தொடங்கினார். எண்ணெயை நேராகச் செலுத்தும் முயற்சி பலிக்கவில்லை. ஆகவே அதனினும் மிகுந்த அழுத்தமுள்ள காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். 1897இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டைப் பொறி வேலையாக்கியது. நீராவிப் பொறிகளால் எட்டமுடியாத அளவு அது. எனினும் ஊதுவதற்கென ஒரு காற்றழுத்தியும் கூடவே வேண்டியிருந்தது. ஆலைக்கும் கப்பலுக்கும் அந்தப் பளு பெரிதன்று. லாரி அதைத் தாங்குமா? லாரிக்கேற்ற சிறு பொறிக்கு டீசல் முயன்றும் கைகூடவில்லை. 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற கப்பலில் இரவோடு இரவாக அவர் மறைந்தார். தம் பெயர் தாங்கிய லாரிகள் சாலையில் ஓடியதை அவர் காணவேயில்லை.

காற்றழுத்தியைக் கழற்றி எறியும் வழியைப் பென்ஸ் நிறுவனத்து பிராஸ்பர் லோரான்ஜ் 1909இல் காட்டினார். சிறியதொரு முன்னறையில் எண்ணெய் எரியத் தொடங்கி, அவ்வேகத்தால் பெரிய அறைக்குள் பாயும்படி அமைத்தார். 1923இல் பென்ஸ் டீசல் லாரியும், அடுத்த ஆண்டு எம்.ஏ.என். லாரியும் வெளிவந்தன. ஆயினும் நம்பத்தக்க பம்பு இல்லை. அக்குறையை 1927இல் ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ் நிறுவனம் தீர்த்தது.

அப்பம்பின் நுட்பமே அதன் பலவீனமும் ஆயிற்று. உருளையும் அதனுள் ஓடும் தண்டும் வளையமின்றி, தேய்த்துப் பொருத்திய நெருக்கத்தாலேயே எண்ணெயை அடைத்து நிற்கின்றன. இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு கூறே. தலைமயிர் அதைவிடப் பன்மடங்கு பருத்தது. சற்றே தூசி புகுந்தால் தேய்கிறது. நீர் கலந்தால் துருப்பிடிக்கிறது. தெளிப்பானின் ஊசி சரியாக அமராவிடில் எண்ணெய் தூறலாகாமல் சொட்டுகிறது. சொட்டிய எண்ணெய் முற்றும் எரியாமல் கரும்புகையாகிறது.

ஆனால் புகை கண்டவுடன் தெளிப்பானைக் கழற்றுவது அவசர வைத்தியம். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் கரும்புகை வரும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் வண்டி எளிதில் கிளம்பாது. பழைய மெக்கானிக்குகள் இவற்றைப் பார்த்த பிறகே, பொறியை மெதுவாக ஓடவிட்டு, தெளிப்பான்களின் குழாய் மரைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காது கொடுத்தனர். ஒன்றைத் தளர்த்தும்போது ஓசை மாறாவிடில், அந்தச் சிலிண்டர் முன்னமே வேலை செய்யவில்லை என்று பொருள். செலவில்லாத சோதனை!

அச்சோதனையைப் புதிய லாரிகளில் செய்வது பேராபத்து. 1995இல் ஜப்பானிய லாரிகளில் வந்த பொதுக்குழாய் முறையில், எண்ணெய் எந்நேரமும் பேரழுத்தத்தில் நிற்கிறது. இந்நாளில் அது 2000 பாரையும் கடக்கிறது. தளர்த்திய மரையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். கணினி காட்டும் பிழை எண்ணோ பெரும்பாலும் நோயின் குறியைத்தான் கூறும், காரணத்தையன்று. ஆகையால் ஒவ்வொரு தெளிப்பானிலிருந்தும் டாங்கிக்குத் திரும்பும் எண்ணெயைத் தனித்தனிக் குப்பியில் பிடித்து, அளவை ஒப்பிடுகிறார்கள். மற்றவற்றைவிட மிகுதியாகத் திருப்புவதே தேய்ந்த தெளிப்பான்.