முதுமையில் தாயகம் திரும்புதல்

உழைக்கும் பருவத்தை வேற்று நாட்டில் கழித்தவர்கள், பணிக்காலம் முடிந்த பிறகோ முடியும் தறுவாயிலோ, பிறந்த நாட்டில் நிலையாகத் தங்கும் நோக்கத்துடன் திரும்பி வருவது, குடிபெயர்வு ஆய்வுகளில் தனியொரு வகையாகக் கொள்ளப்படுகிறது. விடுமுறைக்கு வந்துபோவதும், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே ஊரில் தங்குவதும் இதில் அடங்கா. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று குறிக்கப்படுபவர்கள், 1960களில் பர்மாவிலிருந்தும், 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலர் தாம் பிறந்திராத நாட்டுக்கு அரசுகளின் முடிவால் வர நேர்ந்தவர்கள் ஆதலால், அவர்களுடைய வரலாறு வேறு. இங்கு விவரிக்கப்படுவது, வேலை முடிந்ததாலோ தம் விருப்பத்தாலோ இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும், முதிய வயதில் திரும்புவோரின் நிலை.

இவர்களை ஒரே கூட்டமாகப் பார்க்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அது பொருந்தாது. வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர் இந்தியக் குடியுரிமையோடும் ஓய்வூதியம் இல்லாமலும் வருகிறார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வருபவர் ஓய்வூதியத்தோடும், பெரும்பாலும் இந்தியக் குடியுரிமை இல்லாமலும் வருகிறார். பணம், வரி, மருத்துவம், சொத்து என்று இவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களில் மிகுதியானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

திரும்பி வருவதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துக்கொண்டு கடல் கடந்தவர்கள் தமிழகத்தில் முன்பே உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தம் கடைகளின் பொறுப்பில் முகவர்களை மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பி, தவணை முடிந்ததும் ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளைகுடாவுக்குச் சென்றவர்களின் வாழ்க்கையும் வெளித்தோற்றத்தில் இதைப் போன்றதே என்றாலும், தவணையை முடிவுசெய்யும் உரிமை அவர்கள் கையில் இருக்கவில்லை.

திரும்புதலை வகைப்படுத்தும் முயற்சிகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, அமெரிக்காவிலிருந்து தென் இத்தாலிக்குத் திரும்பியவர்களை ஆராய்ந்து பிரான்செஸ்கோ செராசே 1974இல் வெளியிட்ட கட்டுரை. தோற்றுத் திரும்புவோர், பழைய வாழ்வை மீட்கச் சேமித்துக்கொண்டு திரும்புவோர், ஓய்வுக்காகத் திரும்புவோர், புதியன செய்யும் எண்ணத்துடன் திரும்புவோர் என நான்கு வகையினரை அவர் காட்டினார். முகம்மது அன்வர் பிரிட்டனிலிருந்த பாகிஸ்தானியர்களைப் பற்றி 1979இல் எழுதிய நூல், என்றாவது திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையே அவர்களுடைய சேமிப்பையும் சிக்கனத்தையும் உறவுகளையும் இயக்கியது என்றும், ஆனால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போனது என்றும் விளக்கியது. இவ்விரு விளக்கங்களும் மேலை நாடுகளை வைத்து எழுந்தவை. வளைகுடாவிலிருந்து அறுபது வயதில் வருபவர் தோற்றவரும் அல்லர், முறையான ஓய்வு பெற்றவரும் அல்லர் என்பதால், செராசேயின் நான்கு பெட்டிகளில் எதிலும் அவர் சரியாக அடங்குவதில்லை.

வளைகுடாவிலிருந்து வருவோர்

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் தொடங்கிய கட்டுமானப் பணிகளுக்கு ஆயிரக்கணக்கில் சென்ற முதல் தலைமுறை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுபதைத் தொட்டது. அந்நாடுகளில் தங்கும் உரிமை வேலையோடு பிணைக்கப்பட்டது. அயல்நாட்டுத் தொழிலாளர் ஒவ்வொருவரும் உள்நாட்டவர் ஒருவரின் அல்லது ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்னும் கஃபாலா முறையின் கீழ், வேலை முடிந்தால் வதிவு அனுமதியும் (சவூதியில் தமிழர் பேச்சில் 'அக்காமா') முடிந்துவிடும். முப்பது ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிதினும் அரிது. 2011இல் சவூதி அரேபியா கொண்டுவந்த நிதாகத் திட்டம் உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கீட்டை வற்புறுத்தியது. 2017 ஜூலை முதல் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 100 ரியால் என்று விதிக்கப்பட்ட கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலை எட்டியபோது, மனைவி மக்களை முதலில் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் சில ஆண்டுகள் தனியே இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் பலர். 'விசாவைக் கேன்சல் செய்துவிட்டு வந்துவிட்டார்' என்ற ஒரு தொடரில் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் இந்த முடிவு அறிவிக்கப்படுகிறது.

கையில் வருவது பணிக்கொடை மட்டுமே. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் ஊதியமும், மொத்தத்தில் இரண்டாண்டு ஊதியத்துக்கு மிகாமல் வழங்கப்பட வேண்டும். கணக்கிடப்படுவது அடிப்படை ஊதியமே என்பதால், படிகளாகவே ஊதியத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவந்த நிறுவனங்களில் வேலை செய்தவருக்குக் கிடைக்கும் தொகை சுருங்கிப்போகிறது. அரசு ஓய்வூதியத் திட்டங்கள் உள்நாட்டவருக்கும் பிற வளைகுடா நாட்டவருக்கும் உரியவை. ஆகவே வாழ்நாள் சேமிப்பு என்பது பெரும்பாலும் ஊரில் எழுப்பிய வீடும், பெண்களின் திருமணத்துக்குச் செய்த செலவும், பிள்ளைகளின் படிப்புமாக ஏற்கெனவே உருமாறிவிட்டிருக்கிறது. 1990இல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்தபோது அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் மீட்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில், சேமிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்து, போர் ஓய்ந்தபின் மீண்டும் சென்று முதலிலிருந்து தொடங்கியவர்களின் கணக்கு இன்னும் மெலிந்தது.

இந்த இடைவெளியை நிரப்ப அரசுகள் செய்தவை சீராக இல்லை. பள்ளிப்படிப்பு குறைந்த தொழிலாளருக்குரிய, குடியகல்வுச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்காக, 2012இல் நடுவண் அரசு தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா ஓய்வூதியச் சேமிப்பையும், திரும்பி வந்து குடியமர்வதற்கான சேமிப்பையும் இணைத்தது. சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் 2017இல் கைவிடப்பட்டது. கேரளம் 1996லேயே வெளிநாடுவாழ் கேரளியர் விவகாரங்களுக்கென 'நோர்க்கா' என்ற துறையை நிறுவி, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நல வாரியமும் அமைத்து, சந்தா செலுத்தியவர்களுக்கு அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் வழங்கிவருகிறது. தமிழ்நாடு 2011இல் சட்டம் இயற்றிய போதிலும், அதன் வாரியம் உருப்பெற்றுச் செயல்படப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளக் குடிபெயர்வு ஆய்வு, திரும்பியவர்களைத் தனியே எண்ணும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் இரு மாநிலங்களின் வேகம் வேறுபட்டதற்கு ஒரு காரணம் என்று கொள்ளலாம்; எண்ணப்படாதவர்களுக்காகத் திட்டம் தீட்டுவது எளிதன்று.

மேலை நாடுகளிலிருந்து வருவோர்

அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்பவர், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அவ்வாறு இழந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்து தங்க வழிசெய்வது, ஓ.சி.ஐ. ('இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்') அட்டை என்று அறியப்படும் இந்திய வம்சாவளியினருக்கான பதிவு. பெயரில் குடியுரிமை இருந்தாலும் இது குடியுரிமை ஆகாது: அட்டை வைத்திருப்பவர் வாக்களிக்க இயலாது, வீடும் கடையும் வாங்கலாம், ஆனால் விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தந்தைவழி வந்த நஞ்சையை மரபுரிமையாக வைத்துக்கொள்ளலாம். அதை ஒட்டியுள்ள அரை ஏக்கரை வாங்கிச் சேர்க்க முடியாது. ஐந்தாண்டு அட்டைதாரராக இருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வசித்தவர் மீண்டும் இந்தியக் குடியுரிமை கோரலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. அதற்கு அயல்நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கையில் அந்தக் கதவைத் தாமே அடைத்துக்கொள்ளப் பலரும் தயங்குகின்றனர்.

பிரிட்டன் அரசு ஓய்வூதியம் பெறுபவர் இந்தியாவில் குடியேறினால், அவருக்குரிய தொகை அந்நிலையிலேயே உறைந்துவிடும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வசிப்போருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு, இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வசிப்போருக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஆலையில் ஒரே காலம் வேலை செய்த இருவரில், ஒருவர் நியூயார்க்கில் மகனுடன் தங்கியும் மற்றவர் ஜலந்தரிலோ தஞ்சாவூரிலோ தங்கியும் இருபது ஆண்டு கழிந்தால் இருவரின் தொகைக்கும் இடையே பெரும் வேறுபாடு விழுந்துவிடும். பவுண்டுக்கு எதிராக ரூபாயின் மதிப்பு சரிந்துவந்தது இந்த இழப்பின் ஒரு பகுதியை மறைத்திருக்கிறது. மேலும், ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் படிவம் அஞ்சலில் வருகிறது. சாட்சி ஒருவரின் கையொப்பத்துடன் பதினாறு வாரத்துக்குள் அது திரும்பிச் சேராவிட்டால் தொகை நிறுத்தப்படலாம். தெருப்பெயர் மாறி, கதவெண்ணில் பழையது புதியது என்று இரண்டு இருக்கும் சென்னைத் தெருக்களில் இது சிறிய கவலை அன்று.

வரியிலும் செலாவணியிலும் இருவேறு கணக்குகள்

திரும்பியவரை இந்தியாவில் வசிப்பவராக எப்போது கருதுவது என்பதில் இரண்டு சட்டங்கள் இரண்டு விடை தருகின்றன. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது: நிலையாகத் தங்க வந்தவர் வந்திறங்கிய நாளிலிருந்தே வசிப்பவர். வருமான வரிச் சட்டமோ அந்த நிதியாண்டிலும் முந்தைய ஆண்டுகளிலும் தங்கிய நாட்களை எண்ணுகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசித்தவர், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவர், 'வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்லர்' என்ற இடைநிலையில் வைக்கப்படுகிறார். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இந்தியாவில் வரி இல்லை.

இவ்விரு கணக்குகளும் மோதும் இடம் வங்கி வைப்புத்தொகை. பிப்ரவரியில் வந்திறங்கியவர் வரிச் சட்டத்தின் பார்வையில் அந்த ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராகவே இருக்கக்கூடும். ஆனால் அவருடைய என்.ஆர்.ஈ. கணக்கு, அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் வைக்கும் கணக்கு, வசிப்பவர் கணக்காக மாற்றப்பட்டாக வேண்டும்; அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கு செலாவணிச் சட்டத்தின் நிலையைப் பொறுத்தது என்பதால், விலக்கும் அத்துடன் முடிகிறது. அதே பணம், வசிப்பவர் அயல்நாட்டு நாணயத்திலேயே வைக்கும் ஆர்.எஃப்.சி. கணக்குக்கு மாற்றப்பட்டால், இடைநிலை நீடிக்கும்வரை வட்டிக்கு விலக்கு உண்டு. இதை அறியாமல் பழைய கணக்கை அப்படியே விட்டுவைத்துப் பின்னர் வரித்துறைக் கடிதம் வந்து விழிப்பவர்கள், படித்தவர்களிடையேயும் உண்டு. இடைநிலை முடிந்ததும் வெளிநாட்டுச் சொத்துகளை ஆண்டுதோறும் கணக்கில் காட்ட வேண்டும். தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம்.

அமெரிக்கக் குடிமக்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. அமெரிக்கா தன் குடிமக்கள் எங்கே வசித்தாலும் அவர்களுடைய உலகளாவிய வருமானத்துக்கு வரிக்கணக்குக் கேட்கிறது. மதுரையில் போட்ட நிரந்தர வைப்பின் வட்டியும் அதில் சேரும். இரு நாடுகளுக்கிடையே 1989இல் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கைப்படி, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கலாம்.

உடல்நலமும் வீடும்

பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவை அந்நாட்டில் வழக்கமாக வசிப்போருக்கு உரியது. குடிபெயர்ந்தவருக்கு அந்த உரிமை போய்விடுகிறது. அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், சில விதிவிலக்குகள் நீங்கலாக, நாட்டுக்கு வெளியே செலவை ஏற்பதில்லை. இந்தியாவில் புதிதாகக் காப்பீடு எடுக்க வருபவருக்கோ சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற முன்னிருந்த நோய்களுக்கு உடனே காப்பு கிடைப்பதில்லை. இதற்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டுக்கு மிகக் கூடாது என்று 2024இல் விதி தளர்த்தப்பட்டது. எழுபது வயது நிறைந்த அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது; குடியுரிமையோடு திரும்பிய வளைகுடாத் தொழிலாளி அதற்குத் தகுதி உடையவர்.

ஊரில் எழுப்பப்பட்ட வீடுகள் இளம் வயதின் கனவில் எழுந்தவை. கைப்பிடி இல்லாத மாடிப்படி, மாடியில் படுக்கையறை, வழுக்கும் சலவைக்கல் தரை ஆகியவற்றோடு நிற்கும் வீட்டில், எழுபது வயதில் கீழ்த்தளத்துக் கூடத்தையே படுக்கையறையாக்கிக் கொள்வோர் அநேகர். சொத்தை இதுவரை பார்த்துக்கொண்டது பொது அதிகாரப் பத்திரம் பெற்ற உறவினராக இருந்தால், பட்டாவும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்க்கும் முதல் மாதமே உறவு கசக்கத் தொடங்குவதும் உண்டு. கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு வளாகங்கள் பெருகியதற்கு, சொந்த ஊரின் இந்தக் கசப்பிலிருந்து எட்டி இருக்கும் விருப்பமும் ஒரு காரணம்.

குடும்பத்துக்குள் நேரும் மாற்றம் இரு பிரிவினருக்கும் எதிரெதிரானது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் வந்துபோன வளைகுடாக் கணவர், மனைவி முப்பது ஆண்டாகத் தனியே நிர்வகித்த வீட்டுக்குள் நிரந்தரமாக நுழைகிறார். வரவு செலவு, சம்பந்தம் பேசுவது, கொத்தனாரை வைப்பது என்று எல்லா முடிவும் அவரின்றியே நடந்து பழகியிருக்கின்றன. மேலை நாட்டிலிருந்து வரும் இணையரோ ஒன்றாகவே வருகின்றனர், பிள்ளைகளைத்தான் விட்டுவருகின்றனர். தம் பெற்றோரை ஊரில் விட்டுப் போனவர்கள், இப்போது பிள்ளைகளை அங்கே விட்டு வந்து, வாரந்தோறும் காணொளி அழைப்புக்குக் காத்திருக்கின்றனர்.

மறுபடியும் புறப்படுதல்

இணையரில் ஒருவர் இறந்த பிறகோ, நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் நோய் வந்த பிறகோ, பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கே திரும்பிச் செல்வோர் உண்டு. வளைகுடாவிலிருந்து வந்தவருக்கு இவ்வழி ஏறத்தாழ இல்லை. அமீரகம் 55 வயது கடந்தோருக்கு வழங்கும் ஐந்தாண்டு ஓய்வுக்கால விசா, சொத்தும் சேமிப்பும் நிறைய உடையோருக்கு மட்டுமே எட்டும். அமெரிக்கக் குடிமகனுக்கு நுழைவதில் தடை இல்லை, ஆனால் விலை உண்டு. மெடிகேரின் மருத்துவர் கட்டணப் பகுதியில் உரிய காலத்தில் சேராமல் விட்டவர், விட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து விழுக்காடு கூடுதலாக, பொதுவாக அப்பகுதியில் இருக்கும் காலமெல்லாம் சந்தா செலுத்த வேண்டியிருக்கும். இதனால்தான், சென்னையிலோ கோவையிலோ எந்த மருத்துவமனையிலும் பயன்படாத அந்தக் காப்பீட்டுக்கு, திரும்பிவந்த பிறகும் மாதந்தவறாமல் டாலரில் பணம் கட்டிவருவோர் இருக்கின்றனர்.