கோழியின் பையும் எலியின் தோலும்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கோடைக்கு முன்பே காய்ந்து நின்ற புல்லில் தீப்பிடித்து, போடியை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவைச் சூழ்ந்தது. சென்னையிலிருந்து வந்தவர்களும் உண்டு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. முதலில் மேலே ஏறியவர்கள் ஊர்க்காரர்கள்தான். போர்வையையும் கம்பையும் டோலியாக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு போடி, தேனி, மதுரை என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. சிலர் மலையிலேயே இறந்திருந்தார்கள். மற்றவர்கள் மருத்துவமனைகளில், நாள்கணக்கில், வாரக்கணக்கில், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். கணக்கு 20-ஐத் தாண்டியது.

தீ அணைந்துவிட்டது, மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தாயிற்று, இன்னும் ஏன் சாகிறார்கள் என்று அப்போது பலரும் கேட்டார்கள். பெரிய தீக்காயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தீ அல்ல. தோல் போனபின் உள்ளே புகும் கிருமி. தொடையிலிருந்து சொந்தத் தோலைச் சீவி எடுத்து ஒட்டலாம். உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோனவருக்கு எங்கிருந்து எடுப்பது? இறந்தவர் தானம் தந்த தோலை ஒட்டினால் தற்காலிகமாகக் காயத்தை மூடும். உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொண்டு ஒருநாள் உரித்துத் தள்ளிவிடும். இதில் ஒரு விபரீதம் உண்டு. மோசமாக வெந்தவர் உடம்பில் அந்தத் தோல் வழக்கத்தைவிடச் சற்று நீடித்தே நிற்கும், ஏனென்றால் விரட்டவேண்டிய படையே சோர்ந்து கிடக்கிறது. எந்தச் சோர்வால் தோல் நிற்கிறதோ, அதே சோர்வால் கிருமியும் உள்ளே வருகிறது.

அந்தப் படை எது என்று கண்டுபிடித்த கதையும் ஒரு தீக்காயத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர். 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் மெடாவர் என்ற இளம் விலங்கியல் ஆசிரியரின் வீட்டருகே ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தது. உள்ளிருந்த வீரருக்குக் கடும் தீக்காயம். ஏதாவது வழி சொல்ல முடியுமா என்று மருத்துவர்கள் மெடாவரைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரை கிளாஸ்கோ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு வரை இழுத்துக்கொண்டு போனது. அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவர் துணை. எரிவாயு அடுப்பில் விழுந்து வெந்துபோன 22 வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய சொந்தத் தோலையும் அண்ணன் தம்பியில் ஒருவருடைய தோலையும் சின்னச் சின்னத் துண்டுகளாக அவள் காயத்தில் பதித்து, அவ்வப்போது ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரனுடைய தோல் முதலில் பிடித்ததுபோல் காட்டி, பிறகு அழிந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை பதித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முதல் தவணை அழிய எடுத்த காலத்தில் ஏறத்தாழப் பாதியிலேயே இரண்டாம் தவணை அழிந்தது.

அதாவது உடம்புக்கு நினைவு இருக்கிறது. அம்மை வந்து தேறியவருக்கு மறுபடி அம்மை வராததும் இதுவும் ஒரே கணக்கு. 1943-ல் இருவரும் எழுதிய கட்டுரை உறுப்பு மாற்று மருத்துவத்துக்கே அடித்தளம் ஆயிற்று. மெடாவருக்கு 1960-ல் நோபல் பரிசு.

ஆனால் தோலை விரட்டியது எது? கிருமியை விரட்டுவது ரத்தத்தில் கரைந்து ஓடும் ஆன்டிபாடி என்பது 1890-களிலிருந்தே தெரியும். டிப்தீரியாவுக்கும் பாம்புக் கடிக்கும் குதிரையின் சீரம் ஏற்றினார்களே, அது ஆன்டிபாடியின் வேலை. எனவே தோலுக்கும் அதுவே என்று நினைத்தார்கள். மெடாவரின் மாணவர் அவ்ரியன் மிச்சிசன் எலிகளில் சோதித்தார். ஒட்டை விரட்டிப் பழகிய எலியின் சீரத்தைப் புது எலிக்குச் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அதன் நிணநீர்க் கணுவிலிருந்து உயிருள்ள செல்களை எடுத்துச் செலுத்தினால் புது எலியும் விரட்டக் கற்றுக்கொண்டது. இது 1950-களின் நடுப்பகுதி. (இந்த மிச்சிசன் வேறு யாருமல்ல, இங்கிலாந்தை உதறிவிட்டு 1957-ல் இந்தியாவுக்கே வந்து சேர்ந்த மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனின் தங்கை மகன்.)

ஆக இரண்டு ஆயுதங்கள். ஒன்று கரைந்து ஓடுவது, மற்றொன்று செல்லாகவே போய் அடிப்பது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றனவா? இதற்குப் பதில் ஒரு கோழியிடம் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை.

இளங்கோழியை அறுத்துச் சுத்தம் செய்தவர்கள் பார்த்திருக்கலாம். பின்துவாரத்தின் மேற்பக்கம், குடலை ஒட்டி, சிறு பைபோல ஒரு உருண்டை இருக்கும். வெட்டினால் உள்ளே மடிப்பு மடிப்பாகத் தெரியும். முற்றிய கோழியில் அது சுருங்கிக் காணாமல் போய்விடும். இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூற்றியல் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் எழுதிவைத்து, அவர் இறந்தபின் 1621-ல் அச்சேறிய நூலில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. ‘ஃபாப்ரீசியஸ் பை’ என்று பெயரும் வந்தது. எதற்காக இருக்கிறது என்பது மட்டும் 300 ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் க்ளிக் என்ற மாணவர் 1950-களில் தன் ஆசிரியரிடம் கேட்டார், இந்தப் பை எதற்கு என்று. நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்கிற மாதிரி பதில் வந்தது. க்ளிக் குஞ்சுகளில் பையை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்தார். கோழிகள் நன்றாகவே வளர்ந்தன, ஒரு குறையும் தெரியவில்லை. அந்தச் சமயம் டிமதி சாங் என்ற சக மாணவருக்கு, வகுப்பில் ஆன்டிபாடி உண்டாவதைச் செய்து காட்டக் கோழிகள் தேவைப்பட்டன. க்ளிக்கின் கோழிகளை வாங்கி சால்மொனெல்லாக் கிருமியைச் செலுத்தினார். ஆன்டிபாடி வரவில்லை. பாடம் எடுக்க முடியாமல் நின்றவருக்கு எரிச்சல். க்ளிக்குக்குப் பொறி தட்டியது. பை போன கோழிகளில்தான் வரவில்லை!

பெரிய அறிவியல் இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956-ல் கோழி வளர்ப்பு ஆய்வுக்கான இதழில் வெளியானது. மனித நோய்களை ஆராய்பவர்கள் கோழி இதழை ஏன் புரட்டப்போகிறார்கள்? பல ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ‘கம்போரோ’ நோய் குஞ்சுகளின் இந்தப் பையைத்தான் தாக்குகிறது. அது தாக்கிய குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. ஆன்டிபாடி செய்யும் பட்டறையே அழிந்துவிட்டதே.

அடுத்தது எலி. லண்டனில் ஜாக் மில்லர். பிரான்ஸில் பிறந்து, ஷாங்காயில் சில காலம், பிறகு ஆஸ்திரேலியா. காசநோய்க்கு அக்காவைப் பறிகொடுத்தவர். அவர் தேடியது எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றை. அதற்காகப் பிறந்த சில மணி நேரமே ஆன எலிக்குஞ்சின் நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தார். கட்டைவிரல் அளவுகூட இல்லாத குஞ்சு அது என்பதை நினைத்துப் பாருங்கள். தைமஸ் என்பது செத்த வெள்ளணுக்களின் சுடுகாடு என்றுதான் அன்றைய பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. வளர்ந்த எலியில் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லையே! பிறந்தவுடன் எடுத்த குஞ்சுகளோ மெலிந்து, தொற்று கண்டு செத்தன. மில்லர் மெடாவரின் உத்தியைக் கையிலெடுத்தார். இந்த எலிகளின் முதுகில் வேறு இன எலியின் தோலை ஒட்டினார். விரட்டவில்லை. ‘ராட்’ எனப்படும் பெரிய எலியின் தோலை ஒட்டினார். அதையும் விரட்டவில்லை. வேறு நிறத்தில் செழித்து வளர்ந்த ரோமத்தோடு அந்தத் தோல் அப்படியே நின்றது. 1961-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்.

மெடாவர் நம்பவில்லை. தைமஸில் வெள்ளணுக்கள் இருப்பது பரிணாமத்தின் தற்செயல், பெரிய முக்கியத்துவம் எதுவும் இல்லை என்ற பொருளில் பேசினார். ஒட்டுத் தோலின் வழியே வாசலைத் திறந்தவரே வாசலில் நின்று மறித்தார் என்பது எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

இப்போது குழப்பம் கூடியது. மின்னசோட்டாவில் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் 1965-ல் கோழிக்குஞ்சுகளில் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். பையை எடுத்தால் ஆன்டிபாடி போகிறது, தைமஸை எடுத்தால் தோலை விரட்டும் திறன் போகிறது. சரி, இரண்டு துறை, இரண்டு வேலை என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் தைமஸ் இல்லாத எலியில் ஆன்டிபாடியும் சரியாக வரவில்லையே, அது ஏன்?

1966-ல் டென்வரில் ஹென்றி கிளேமன் குழுவினர் கதிர்வீச்சால் வெள்ளணுக்களை அழித்த எலிகளுக்கு எலும்புமஜ்ஜைச் செல்களை மட்டும் கொடுத்தார்கள், ஆன்டிபாடி சொற்பம். தைமஸ் செல்களை மட்டும் கொடுத்தாலும் சொற்பம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, கூட்டிப் பார்த்தால் வரவேண்டியதைவிட மிக அதிகம். ஒன்றுக்கொன்று ஏதோ செய்துகொள்கின்றன. எது செய்கிறது, எது செய்யவைக்கிறது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. அதைப் பிரித்தவர்கள் 1968-ல் மெல்போர்னில் மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செலும். மஜ்ஜைச் செல் ஒரு இன எலியிலிருந்து, தைமஸ் வழிவந்த செல் வேறு மரபுக் குறியுள்ள எலியிலிருந்து. ஆட்டு ரத்தச் செல்லைச் செலுத்தி, ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் எந்தக் குறியைச் சுமக்கின்றன என்று பார்த்தார்கள். அத்தனையும் மஜ்ஜையிலிருந்து வந்தவை. தைமஸ் செல் ஒரு துளி ஆன்டிபாடியும் செய்வதில்லை, ஆனால் அது இல்லாமல் மஜ்ஜைச் செல் வேலையில் இறங்குவதில்லை. மறு ஆண்டு முதல் தைமஸ் வழி வந்தவை டி செல், கோழியின் பையிலும் நமக்கு எலும்புமஜ்ஜையிலும் உருவாகுபவை பி செல் என்று அழைக்கப்பட்டன.

இரண்டும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது தெரிய இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. போடி ஏல மையத்தில் ஏலக்காய் விற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மூட்டை எங்கோ இருக்கும், வியாபாரி கைக்கு வருவது சாம்பிள். அதைப் பார்த்துத்தான் விலை கேட்பார். பி செல் கிருமியின் முழு உருவில் ஒரு பகுதியைப் பற்றி, உள்ளே இழுத்து, நொறுக்கி, அதிலுள்ள புரதத்தின் ஒரு சிறு துணுக்கைத் தன் மேற்பரப்பில் எடுத்து நீட்டும். டி செல்லுக்கு முழுக் கிருமி தெரியாது, துணுக்கு மட்டுமே தெரியும். தனக்குப் பொருந்தும் துணுக்கைக் கண்டால் ஒட்டிக்கொண்டு சமிக்ஞை தரும். அதன்பின்தான் பி செல் பெருகும், ஆன்டிபாடியின் வகையை மாற்றும், மேலும் மேலும் இறுக்கமாகப் பற்றும் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கும், பல ஆண்டுகள் வாழும் நினைவுச் செல்களை விட்டுச்செல்லும்.

இரண்டு செல்களின் சம்மதம் ஏன்? ஒரு பி செல் தவறுதலாக நம் சொந்த உடம்பையே பற்றினாலும், டி செல் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். சம்மதம் கொடுக்கும் டி செல்லே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் தொற்று 1986-ல் தமிழ்நாட்டில் தெரியவந்தது. சென்னையில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசா சோதனைக்குப் போயின. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அங்கே கண்டறியப்பட்டன. அந்தச் சோதனை தேடுவது எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடியை. பி செல் தன் கடமையைச் செய்திருந்தது, சோதனை காட்டியது அதைத்தான். ஆனால் வைரஸ் குறிவைத்து அழிப்பது, பி செல்லுக்குச் சம்மதம் கொடுக்கும் ‘உதவி டி செல்’லை. அது குறையக் குறையப் புதிதாக வரும் எந்தக் கிருமிக்கும் சரியான ஆன்டிபாடி எழ வழியில்லை, செல்லாகப் போய் அடிக்கும் பக்கமும் தளர்ந்துபோகிறது.

சில கிருமிகள் இந்தக் கூட்டணியைக் குழந்தைகளிடம் ஏமாற்றிவிடுகின்றன. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ‘ஹிப்’ என்ற பாக்டீரியா சர்க்கரைப் போர்வையைப் போர்த்தியிருக்கிறது. பி செல் அந்தச் சர்க்கரையைப் பற்றும். நொறுக்கினால் டி செல்லிடம் காட்டப் புரதத் துணுக்கு எதுவும் கிடைக்காது. பெரியவர்களின் பி செல் தனியாகவே ஓரளவு சமாளிக்கும், இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையால் முடியாது. வெறும் சர்க்கரையைத் தடுப்பூசியாகப் போட்டாலும் இதே கதைதான். 1970-களில் மிச்சிசன் ஒன்றைக் காட்டியிருந்தார்: பி செல் பற்றும் பகுதியும் டி செல் பார்க்கும் பகுதியும் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே மூலக்கூறில் ஒட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீயர்சனும் சர்க்கரையைப் புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைத்தார்கள். பி செல் சர்க்கரையைப் பற்றி இழுத்தது, கூடவே புரதமும் உள்ளே போனது, அதன் துணுக்கைக் கண்டு டி செல் சம்மதித்தது. கிடைத்ததோ சர்க்கரைக்கான ஆன்டிபாடி. அறிந்தே செய்த ஏமாற்று வேலை, அதுவும் கச்சிதமானது.

2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசு தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ‘பென்டாவேலன்ட்’ ஊசியின் ஐந்தில் ஒன்று இந்தப் பிணைத்த ‘ஹிப்’. புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒன்றரை மாதக் குழந்தையின் தொடையில் போடுகிறார்களே, அதுதான். போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும் அதேதான். மில்லருக்கும் கூப்பருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது கிடைத்தது, நோபல் இல்லை. க்ளிக்குக்கு இரண்டுமே இல்லை. கோழி இதழில் எழுதியவர்களுக்கு யார் பரிசு கொடுக்கப்போகிறார்கள்?

அதே ஊசியை இரண்டரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் மறுபடி போடுகிறார்கள். டி செல்தான் சம்மதித்துவிட்டதே, ஒரு தவணை போதாதா? நினைவுச் செல்களைத் தேடி நிணநீர்க் கணுவுக்குள்ளே போனால்தான் பதில் கிடைக்கும். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)