யோகி பி: ராப் பாடகர், இசைத் தயாரிப்பாளர், குழுத் தலைவர்

மலேசியத் தமிழ் ராப் இசையைக் கடல் கடந்து கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் யோகி பி. இயற்பெயர் யோகேஸ்வரன் வீரசிங்கம். பாடகராகவே பலருக்கு அறிமுகமானாலும், குழுவை வழிநடத்துவது, பாடல்களைத் தயாரிப்பது ஆகிய பொறுப்புகளையும் ஏற்றவர்.

பொயட்டிக் அம்மோ

யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோகோ ஆகிய நால்வர் குழு இது. 1998-இல் வெளிவந்த இவர்களின் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனிஸ் ஆகிய மொழிகளில் ராப் இடம்பெற்றது.

நட்சத்ரா

பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து ‘நட்சத்ரா’ குழுவில் இயங்கினார். இவர்களின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006-இல் வெளியானது. ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலின் மறுவடிவம் தமிழ்நாட்டிலும் புகழ்பெற்றது. தொடர்ந்து ‘பொல்லாதவன்’ (2007), ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘காலா’ (2018) ஆகிய படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் சொந்தப் பாடல் வெளியிட நினைத்தால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பாடியவரோ எழுதியவரோ அல்ல, ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தவரே அதன் ஆக்கியோனாகக் கருதப்படுவார். ஸ்டூடியோ செலவை ஏற்று வேலையை நடத்தும் தயாரிப்பாளரின் கை ஓங்குவது இதனால்தான். பிறர் கேட்டுச் செய்து கொடுக்கும் படைப்பின் உரிமையும், வேறு உடன்பாடு இல்லையேல், கேட்டவருக்கே போய்விடும். பழைய பாடலை மறுவடிவம் செய்வதற்கும் உரிமையாளரின் அனுமதி தேவை.

புகழ் வேறு, வருமானம் வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளை நினைவுகூர்ந்து அறிவு எழுதிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021-இல் உலகெங்கும் ஒலித்தது. ஆனால், அதிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகக் கூறினார்.

நண்பர்களாகச் சேர்ந்து பாடினாலும் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எனினும், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் (மைஐபிஓ) விருப்பத்தின்பேரில் அறிவித்துவைத்தால் பின்னாளில் சான்றாக உதவும்.